நாலாம் வகுப்பின் தரை

தீபா முதல் நாள் கணுக்கால் வரைக்கும்தான் சிமெண்ட் தரைக்குள் போனாள். தொண்ணூற்றாறாம் வருஷம், மைசூரில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு டீச்சர் சொர்ணலதா ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்க, அவள் தப்பாகச் சொன்னாள். தரை அவளை உள்வாங்கிக்கொண்டது. சத்தமில்லை, விரிசலில்லை. அடுத்து எழுந்த கிரண் கன்னடப் பாடத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டு ஒரு விரற்கடை இறங்கினான். சரியாகச் சொன்ன பிள்ளைகள் மேலேயே நின்றார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் இறங்கியவர்களை அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதும் வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாசிப்பிலும் கணக்கிலும் ஒரே கேள்வித்தாள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. எந்தப் பள்ளி எத்தனையாவது என்று கல்வி ஆபீஸ் வாசலில் ஒட்டப்போகிறார்களாம். ஹெட்மாஸ்டர் பசவராஜ் பாட்டு, படம் வரைதல், விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாதிரிக் கேள்வித்தாள்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார். வீட்டில் தமிழ் பேசும் கூலிக்காரர் பிள்ளைகளைக் கன்னடம் வாசிக்கும் வேகத்தை வைத்து அளந்தால் எப்படி என்று மீட்டிங்கில் சொர்ணலதா கேட்டாள். அன்றிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டியதைப் பியூன் லிங்கப்பனிடம் சொல்லி அனுப்புவார். அவளும் கையெழுத்துப் போடப் போகும்போது வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள். கொள்ளேகாலிலிருந்து வந்து தனியறையில் இருந்தவளுக்கு அந்த வெறுப்பு ஒரு துணை மாதிரியே ஆகிவிட்டது.

பிள்ளைகள் இறங்குவதைக் கேள்விப்பட்டு வந்த பசவராஜ் முதலில் செருப்பு நுனியால் தரையைத் தட்டிப் பார்த்தார். தரை புதிதாகப் போட்டது, ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. முழங்கால் வரை இறங்கிய பிள்ளை ரயில் பார்க்க ஜன்னலுக்கு ஓடாது, அதுவும் நல்லதுதான் என்றார். மற்ற பள்ளிகளிலிருந்து வந்து பார்த்தவர்கள் தங்களிடமும் இதே கதைதான் என்று சொல்லிவிட்டு, எந்தக் கம்பெனி சிமெண்டில் பிள்ளைகள் குறைவாக இறங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் பசவராஜ் லிங்கப்பனைக் கூப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பு டீச்சருக்கே வாய்ப்பாடு தெரியுமா என்று கேட்கச் சொன்னார். சொர்ணலதா வகுப்புக்குத் திரும்பினாள். எதிரில் தீபா இருந்தாள். மூச்சுவிட இடம் கொடுக்காமல் கேள்விமேல் கேள்வியாக அவளிடம் கேட்டுக்கொண்டே போனாள். வாயை மூடியபோது அந்தப் பெண் மார்பு வரை தரைக்குள் இருந்தாள். மணி அடித்தது. சொர்ணலதா இழுத்தாள், லிங்கப்பனும் சேர்ந்து இழுத்தான், வரவில்லை.

பசவராஜ் வந்து பார்த்துவிட்டு அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளிடமே நேராகப் பேசினார். "எப்படியும் இவ ஃபெயில்தான், நம்ம ஆவரேஜைக் கெடுத்துடுவா. திங்கட்கிழமை ஆப்சென்ட் போட்டுட்டு மேலே ஜமக்காளம் விரிச்சுடுங்க. பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம்."

தகவல் போய், தீபாவின் அம்மா மாதம்மா கட்டட வேலையிலிருந்து நேராக வந்தாள். கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கத்துக்காரி. தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசி, கையில் கடப்பாரை. தரையில் ஒரு அடி விழுந்தாலும் போலீஸைக் கூப்பிடுவேன் என்று பசவராஜ் குறுக்கே நின்றார். சொர்ணலதா அவரை இரண்டு கையாலும் தள்ளி வெளியே விட்டுக் கதவைத் தாழ் போட்டாள். அவர் கதவை உதைக்க உதைக்க, உள்ளே மாதம்மா மகளின் மேல் படாமல் சுற்றிலும் உடைத்தாள். சொர்ணலதா சில்லுகளைக் கையால் அள்ளி எறிந்தாள், நகம் பெயர்ந்தது. தீபா வெளியே வந்தாள். கால்கள் சில்லென்று இருந்தன, களிமண் அப்பியிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. சொர்ணலதா துடைத்துவிடப் போனபோது அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அந்த ஆளை நான் விடமாட்டேன், மேலே எழுதிப்போடுவேன் என்று சொர்ணலதா சொன்னாள். மாதம்மா கடப்பாரையைத் தோளில் சாய்த்தாள்.

"அவரு வேடிக்கை பார்த்தாருங்க," என்றாள். "கேள்வி கேட்டது நீங்கதானுங்களே."

திங்கட்கிழமை குழியில் மணலைக் கொட்டி, அதன்மேல் ஜமக்காளம் விரித்துப் பரீட்சை நடந்தது. தீபா வரவில்லை, பிறகும் வரவில்லை. பள்ளிக்கு நல்ல இடம் கிடைத்தது, பசவராஜுக்குச் சால்வை போர்த்தினார்கள். தரையை உடைத்ததற்குச் சொர்ணலதாவுக்கு மெமோவும், குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றலும் வந்தன.

அங்கே மண் தரை. பிள்ளைகள் இன்னும் சுலபமாக இறங்கினார்கள். பள்ளி விட்டதும் வீட்டு ஆட்கள் வயலிலிருந்து அப்படியே வந்து, முள்ளங்கி பிடுங்குவதுபோல் அவரவர் பிள்ளையைப் பிடுங்கி, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கூட்டிப்போனார்கள். முதல் வாரம் சொர்ணலதா என்னவோ சொல்ல வந்தாள். மழைக்காலத்தில் தொந்தரவே இல்லை மிஸ், வெயில் காலத்தில்தான் மண் இறுகிப்போய்ப் பிள்ளைகளுக்கு வலிக்கும் என்று அவர்கள் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள். புதுக் கேள்வித்தாள்கள் வந்தன, தலைப்பும் தேதியும் மட்டும் மாறியிருந்தன. மார்ச் மாதம் வெயில் ஏறியதும் சொர்ணலதா மத்தியானத்திலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைகளைச் சுற்றி ஊற்றிவிட்டு, அடுத்த கணக்கைக் கேட்டாள்.