பலகையில் நின்ற ஒன்று

படார்!

பேஸ்பால் மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே அடிபட்ட ஃபவுல் பந்து திறந்திருந்த ஜன்னல் வழியே பாய்ந்து வந்து, வெர்னா கிட்ரிட்ஜின் காபிக் கோப்பையைச் சுக்குநூறாக்கிவிட்டு மேசைக்கடியில் உருண்டது. பத்திரிகையாளர் அறையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் மெர்ல் டக்கர் குனிந்ததோடு நிற்காமல் மேசைக்கடியிலேயே நுழைந்துவிட்டான்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"என் காபிக்குத்தான்" என்றாள் வெர்னா.

காபி மேசை முழுக்க ஓடியது. அவளுடைய ஸ்கோர் தாள்கள் விளிம்பிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தன. அவள் மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினாள். எதிரே மெர்ல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் போலச் சிரித்தான்.

"வெர்னா, முப்பது வருஷத்துல நான் பிடிச்ச முதல் பந்து!"

அப்போதுதான் வெளியே மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது.

உள்ளூர் அணிக்குப் பந்து வீசும் பிட்ச்சர் வேட் ஹார்மன் யாருக்காகவும் காத்திருக்கிறவன் அல்ல. பந்து கைக்கு வந்ததும் வீசிவிடுவான். வெர்னா தலையைத் தூக்கியபோது பந்து இடது பக்கப் புல்லில் உருண்டுகொண்டிருந்தது. அடித்தவன் ஓடி, ஓட்டத்தின் முதல் நிலையான முதல் பேஸில் நின்றான். ஹார்மன் அணியில் மூன்றாம் பேஸைக் காக்கும் ஒஸ்வால்டோ பிரிட்டோ குப்புற விழுந்து எழுந்துகொண்டிருந்தான்.

ஸ்கோர் பலகையை இயக்கும் ஜூனி திரும்பிப் பார்த்தாள். "ஹிட்டா, எரரா?"

அதைச் சொல்வதுதான் வெர்னாவின் வேலை. பிடிக்க முடியாத அடி என்றால் ஹிட். பிடித்திருக்க வேண்டியதை விட்டுவிட்டால், விட்டவன் பெயரில் எரர். முடிவு ஸ்கோரர் ஒருத்தியுடையது. அணிக்கு அதில் பங்கில்லை. அவளுக்குச் சம்பளம் கொடுப்பதுகூட அணி இல்லை, லீக்.

முதல் இன்னிங்ஸ். இரண்டாவது ஆள். ஞாயிற்றுக்கிழமை மதியம். யார் கவலைப்படப் போகிறார்கள்?

"ஹிட்" என்றாள்.

பலகையில் சுழியம் போய் ஒன்று வந்தது.

நான்காவது இன்னிங்ஸில் வெர்னாவுக்கு முதல் உறுத்தல். ஈரம் காயாத தாளில் கட்டங்களைப் பார்த்தாள். எதிரணி ஆட்கள் வரிசையாக வந்து வரிசையாகத் திரும்பியிருந்தார்கள். அந்த ஒன்றைத் தவிர ஒருவன்கூட ஹிட் அடிக்கவில்லை.

ஐந்தாவதிலும் அப்படித்தான்.

அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே ஒன்றும் கிடையாது. உள்ளூர் அணியான ஹேடன் ஹெரன்ஸ் பிறந்த வருஷம் மாட்டியது. ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு பிட்ச்சர் முடிக்கும் நாளில், அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளை அதில் வைப்பதாக ஏற்பாடு. ஐம்பத்தேழு வருஷமாகக் காலி. ஒருமுறை எட்டாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டத்தையே கலைத்தது. இன்னொரு முறை, கடைசி ஆள் அடித்த வேகமே இல்லாத பந்து, இரண்டாம் பேஸைக் குறிக்கத் தரையில் வைத்த பையின் மூலையில் பட்டு எகிறியது. வேறொருவனுக்கு ஏழாவதில் மூக்கில் ரத்தம் கொட்டி நிற்கவே இல்லை. ஹேடனில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பட்டியல் மனப்பாடம்.

ஆறாவது இன்னிங்ஸில் இன்னொன்றைக் கவனித்தாள். அணியின் பெஞ்சில் ஹார்மன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவனோடு யாரும் பேசவும் இல்லை. பிட்ச்சர் ஹிட்டே கொடுக்காமல் போகும்போது மட்டும் செய்கிற காரியம் அது. பலகையில் ஒன்று இருக்கும்போதே செய்கிறார்கள்.

பெஞ்சில் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அது எரர் என்று.

"அந்த முதல் ஹிட்டைத் திருப்பிப் போடு பார்ப்போம்" என்றான் மெர்ல், டிவிக்காரரிடம்.

சின்ன ஊர் ஆட்டம். இரண்டே கேமரா. திரையில் முதலில் வந்தது மேசைக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெர்லின் பின்பக்கம். ஜன்னலில் பந்து விழுந்ததும் இரண்டு கேமராவும் இங்கே திரும்பியிருந்தன. அறையே சிரித்தது.

"அழகா இருக்கேன்ல?" என்றான் மெர்ல்.

கேமரா மைதானத்துக்குத் திரும்பும்போது பந்து பிரிட்டோவின் கையுறையைத் தாண்டி அரை அடி போய்விட்டிருந்தது. அதற்கு முன்னால் நடந்தது எதுவும் இல்லை.

"ஒண்ணும் தெரியல. நல்லவேளை, நீ பார்த்தே" என்றான் மெர்ல்.

வெர்னா பென்சிலைக் கூர் சீவினாள். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பத்தொன்பது வருஷம் இந்த நாற்காலியில். வாரநாளில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல், மற்ற நேரத்தில் இது. ஆட்டக்காரர்கள் படியேறி வந்து சண்டை போடுவார்கள். எல்லோருக்கும் அவள் சொல்வது ஒன்றே: "நான் கண்ணால பார்த்ததை எழுதுறேன்." அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் பிரிட்டோ. இந்த சீசனில் மட்டும் மூன்று முறை வந்துவிட்டான். "அது புல்லுல பட்டு எகிறுச்சு மேடம், எப்படி எரர் போடுவீங்க?" என்று கத்துவான். மூன்று முறையும் அதே பதிலோடு இறங்கிப் போனான்.

ஏழாவது இன்னிங்ஸில் கூட்டம் விழித்துக்கொண்டது. கீழ் வரிசையில் நாலு பேர் ஆரம்பித்தார்கள். பிறகு மைதானம் முழுக்க.

"எ-ரர்! எ-ரர்!"

அணியின் மேலாளர் ரஸ் பெலாமி மூச்சு வாங்க உள்ளே வந்தார். கழுத்துப் பட்டை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம்.

"வெர்னா, நான் எதுவும் சொல்ல வரல. சொல்லவும் கூடாது."

"அப்போ சொல்லாதீங்க."

"அந்தச் சட்டம் ஐம்பத்தேழு வருஷமா காலியா இருக்கு. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

"தெரியும் ரஸ். பத்தொன்பது வருஷமா அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்."

இப்போது மாற்றினால் கூட்டத்துக்குப் பயந்து மாற்றியதாகும். மாற்றாவிட்டால் தான் பார்க்காத ஒன்றுக்காக ஒருவனுடைய வாழ்நாள் பெருமையைப் பறித்ததாகும். இரண்டில் எது சரி என்று சொல்ல அவளிடம் சாட்சி இல்லை. ஒரே சாட்சியாக இருந்திருக்க வேண்டியவள் அவளே.

ஒரே ஒரு வழி இருந்தது. யாராவது ஒருவன் நல்லதாக ஒரு அடி அடித்துவிட்டால் போதும். அந்த முதல் ஹிட்டைப் பற்றி யாரும் மறுபடி பேச மாட்டார்கள்.

எட்டாவது இன்னிங்ஸில் அது வந்தது. மட்டையிலிருந்து துப்பாக்கிக் குண்டைப் போல ஒரு அடி, மூன்றாம் பேஸ் பக்கமாக.

"விழு, விழு" என்று முணுமுணுத்தாள் வெர்னா.

பிரிட்டோ பறந்தான். தரைக்கு இரண்டு அங்குலம் மேலே பந்து அவன் கையுறைக்குள் போய்ச் சொருகியது. மைதானம் அதிர்ந்தது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

மெர்ல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "இந்த ரூம்ல யாருக்காகவும் கத்தக் கூடாதுன்னு நீதானே போர்டு மாட்டினே? இப்ப யாருக்காக வேண்டிக்கிட்டே?"

"எனக்காக."

ஒன்பதாவது இன்னிங்ஸ் ஏழு நிமிஷத்தில் முடிந்தது. ஹார்மன் எப்போதும் போல அவசரமாகவே வீசினான். கடைசி ஆள் காற்றை அடித்துவிட்டுப் போனான். ஹேடனுக்கு இரண்டு ஓட்டம், எதிரணிக்குச் சுழியம்.

யாரும் தொப்பியை வீசவில்லை. யாரும் ஹார்மனைத் தூக்கவில்லை. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒன்பதாயிரம் பேரும் மெதுவாகத் திரும்பி, அண்ணாந்து, பத்திரிகையாளர் அறை ஜன்னலைப் பார்த்தார்கள்.

ரஸ் மறுபடி வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சட்டப்படி உனக்கு நாளைக்கு இதே நேரம் வரைக்கும் முடிவை மாத்த டைம் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பிரிட்டோ இப்பத்தான் பெஞ்சுலேருந்து போன் பண்ணான். 'என் பேர்ல எழுதச் சொல்லுங்க'ங்கறான்."

"பிரிட்டோவா? எரர் வேணும்னா?"

"ஆமா. அதான் எனக்கும் புரியல. மேல் அணியிலேருந்து ஆள் எடுக்க வந்து உக்காந்திருக்காங்க. பையனுக்கு முப்பத்தொண்ணு வயசு. இந்த வாரம் விட்டா இனிமே இல்ல. இந்த நேரத்துல எவனாவது எரரைக் கேட்டு வாங்குவானா?"

"ஃபிரெண்டுக்காகப் பொய் சொல்றான்" என்றான் மெர்ல். "வேட் வீட்லதான் தினமும் சாப்பிடறான்."

அதுவேதான் வெர்னாவுக்கும் தோன்றியது. எழுந்து, காபிக் கறை படிந்த தாளை எடுத்துக்கொண்டாள்.

"எங்கே போறே? ஸ்கோரர் கீழே போற வழக்கமே கிடையாதே!"

"இன்னிக்குப் போறேன்."

படிக்கட்டில் ஜனங்கள் வழி விட்டார்கள். வாயை விடவில்லை.

"டீச்சர், கண்ணாடி வாங்கித் தரவா?"

"கெமிஸ்ட்ரில என்னை ஃபெயிலாக்கின மாதிரி வேட் ஹார்மனையும் ஆக்கிட்டீங்களே டீச்சர்!"

"நீ பரீட்சைக்கே வரலைடா, கெல்வின்" என்றாள் வெர்னா, நிற்காமல். குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

உடை மாற்றும் அறை வாசலில் ஹார்மன் தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு நின்றான். இந்த ஊருக்கு வருவதற்கு முன் நான்கு அணிகள் அவனை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்காக எதையும் மாத்தாதீங்க மேடம். நீங்க பார்த்ததை எழுதுங்க. அது போதும் எனக்கு."

வெர்னா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பிரிட்டோ பின்னறையில் தனியாக இருந்தான். முழங்காலில் பனிக்கட்டிப் பை. அவளைக் கண்டதும் எழப் பார்த்தான்.

"உக்காரு. எதுக்கு உன் பேர்ல எழுதச் சொன்னே?"

"தப்பு என்னுது."

"பந்து எகிறுச்சா?"

"இல்ல."

"ரொம்ப வேகமா வந்துச்சா?"

"சும்மா உருண்டு வந்த பந்து மேடம். என் பொண்ணு பிடிப்பா. அவளுக்கு ஆறு வயசு."

"அப்ப நீ ஏன் பிடிக்கல?"

பிரிட்டோ பயிற்சியாளர் அறையின் கதவைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் மேல் அணியிலிருந்து வந்தவர்களின் பேச்சுக் குரல் கேட்டது.

"எழுதிக்குங்க மேடம். காரணம் மட்டும் கேக்காதீங்க."

"காரணம் இல்லாம எப்படி எழுதறது? நீ வேட்டுக்காகச் சொல்றேன்னா நான் எழுத மாட்டேன். இங்கே வந்து ஒருத்தன் பொய் சொன்னான், அதை நம்பி எழுதினேன்னு ஆயிடும்."

"பொய்யா?" அவன் முகம் சிவந்தது. "மூணு தடவை நான் மேல வந்து சொன்னதெல்லாம் உண்மை. நீங்க ஒரு தடவையாவது நம்பினீங்களா? 'நான் கண்ணால பார்த்தேன் பிரிட்டோ', 'நான் கண்ணால பார்த்தேன் பிரிட்டோ'ன்னே அனுப்பினீங்க. இன்னிக்கும் பார்த்திருப்பீங்கல்ல? அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து கேக்கறீங்க?"

வெர்னா கதவைச் சாத்தினாள். பனிக்கட்டிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தாளை அவன் பக்கத்தில் பெஞ்சின் மேல் விரித்தாள். முதல் இன்னிங்ஸ் கட்டத்தின் மேல் காபி பெரிய வட்டமாகக் காய்ந்திருந்தது.

"பார்க்கல" என்றாள். "காபி கொட்டிடுச்சு. தாளைப் பொறுக்கறதுக்காக மேசைக்கடியில மண்டி போட்டிருந்தேன். எந்திரிச்சப்ப பந்து புல்லுல போயிட்டிருந்துச்சு. சத்தத்தை வச்சு ஹிட்னு சொல்லிட்டேன். இதை நான் யாருகிட்டயும் சொல்லல, பிரிட்டோ. இப்ப நீ சொல்றதை வச்சுத்தான் நான் எழுதணும். அதனால நீ எனக்கு உண்மையைச் சொல்லியாகணும்."

பிரிட்டோ அவளையே பார்த்தான். பிறகு அந்தக் கறையைப் பார்த்தான். விரலால் அதைத் தொட்டான்.

சாத்திய கதவுக்கு வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நானும் பார்க்கல மேடம்" என்றான் மெல்ல. "அந்த ஃபவுல் பந்து உங்க ஜன்னலுக்குள்ள போச்சு, நீங்க எந்திரிக்கவே இல்ல... உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு மேலயே பார்த்துக்கிட்டு நின்னேன்."