பிழையில்லாமல் எழுதிய நாட்கள்

எனக்குக் காது கேட்காது. முப்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் அடைத்துவிட்டுப் போனது. பேச வரும், கேட்கத்தான் முடியாது. எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வேன், மீதியை ஊகித்துக்கொள்வேன். சிதம்பரத்தில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். ஊர் வம்பு எதுவும் எனக்கு எட்டாது. அதனால் விருத்தாம்பாள் ரொம்ப நல்ல மனுஷி என்று தெருவில் ஒரு பெயர்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் தம்பி ஸ்ரீதரோடு நான் பேசுவதெல்லாம் வாட்ஸப்பில் எழுதித்தான். அப்பா அம்மா போன பிறகு அவன் பக்கத்துக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. நான் ஏழாவதோடு நின்றவள். வாயில் வருவதை அப்படியே தட்டி அனுப்புவேன். "டேய் சாப்டியாடா இங்க ஒரே மழ துணி காயவே இல்ல இலக்கியா கிட்ட வம்பு பண்ணாத நீ தான் லூசு அவ இல்ல" என்று நிற்காமல் போகும். அவனும் அப்படியே எழுதுவான். பெண்டாட்டி இலக்கியாவோடு போட்ட சண்டை, மேனேஜரிடம் வாங்கிய திட்டு, இடையில் குடிக்கப் பழகியது என்று ஒன்று விடாமல் கொட்டுவான். நான் கண்டபடி திட்டுவேன். மறுநாள் சமாதானமாகிவிட்டதாக எழுதுவான். இப்படியே அவர்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாக்கெட் தயார் என்று ஒரு வாடிக்கைக்காரிக்கு நான் அனுப்பிய செய்தியை அவள் ஸ்டேட்டஸில் வைத்து, கூடவே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளையும் போட்டாள். என் மருமகள் வினோதினிதான் அதைக் காட்டினாள். நல்ல பெண், என்மேல் உள்ள அக்கறையில்தான் காட்டினாள்.

"அத்த, இனிமே நீங்க டைப் பண்ணாதீங்க. என்னா அனுப்பணும்னு சொல்லுங்க, நான் போட்டுவுடுறேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காதுதான் போய்விட்டது, கையையும் பிடுங்கிக்கொள்வார்களா? "இனிமே எல்லாத்தயும் வினோதினியே எழுதுவாளாம்டா எனக்கு எழுத வராதாம்" என்று ஸ்ரீதரிடம் அழுது தீர்த்தேன். அந்த மாதமே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜான்சி டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டேன். தம்பியிடம் மூச்சு விடவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டு திடீரென்று அவனை அசத்த வேண்டும் என்று ஆசை.

ஜான்சி டீச்சர் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், நர்ஸ், கட்சிக்காரர் ஒருவர் என்று கலவையான வகுப்பு. என்னை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, சொல்வதையெல்லாம் போர்டிலும் எழுதினார். நான் எழுதியதில் சிவப்பு மையால் வெளுத்து வாங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. தையல் மாதிரிதான் இதுவும். தப்பாகத் தைத்ததைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சில மாதங்களில் ஒற்று எங்கே வரும், வாக்கியம் எங்கே முடியும் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வாடிக்கைக்காரிகளுக்கு நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்து வினோதினியே அசந்துபோனாள். தலை கனத்துவிட்டது எனக்கு.

தம்பிக்கும் அப்படியே எழுதத் தொடங்கினேன். 'டா' போயிற்று. திட்டும் போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா தனியா இருக்கியா உன்கிட்ட மட்டும் ஒன்னு சொல்லனும்."

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் என் கண்ணுக்கு முதலில் பட்டவை பிழைகள். ஐயோ, இவனும் ஜான்சி டீச்சரிடம் வர வேண்டியவன்தான் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, பதில் எழுதினேன். "அன்புள்ள தம்பி, நான் தனியாகத்தான் இருக்கிறேன். எதுவாக இருந்தாலும் தயங்காமல் எழுது. இலக்கியாவுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும்."

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "ஒன்னும் இல்ல சும்மா தான் கேட்டேன்."

அதன் பிறகு அவன் செய்திகள் சுருங்கிப்போயின. "நல்லா இருக்கோம்." "வேலை ஜாஸ்தி." "நீங்க எப்படி இருக்கீங்க?" பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றவன் 'நீங்க' போட்டான். என் எழுத்தைப் பார்த்து அவனுக்கும் மரியாதை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அப்படி ஒரு முட்டாள் நான். அதன் பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் அவர்கள் வரவில்லை. லீவு இல்லை என்று எழுதியதையும் நம்பினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பையும் கையுமாக வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு, நான் வாயசைவைப் படித்துக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னான்.

"கடலூர் கோர்ட்லேருந்து வரேங்க்கா. எனக்கும் இலக்கியாவுக்கும் முடிஞ்சுபோச்சு. விவாகரத்து குடுத்துட்டாங்க."

நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். அவன் மறுபடியும் சொன்னான்.

இரண்டு வருடத்துக்கு முன்பே அவள் கோபித்துக்கொண்டு பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். இவன் குடியை விட்டுவிட்டு இரண்டு முறை போய்க் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது வந்து பேசினால் அனுப்புகிறோம் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொண்டு போன பெண்ணை அப்படித்தானே அழைத்து வருவோம்? புருஷன் ஒற்றை ஆளாகப் போய் நின்றால் யார் மதிப்பார்கள்?

"என்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். என் குரல் எவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. வினோதினி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

ஸ்ரீதர் அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நான் பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்து சொன்னான். "எப்டிக்கா சொல்றது? உனக்கு வினோதினிதான எழுதுது? நான் குடிச்சுட்டுக் கை நீட்டினதயெல்லாம், வாழ வந்த பொண்ணு படிக்கிற எடத்துல எப்டி எழுதறது?"

"அது நான்டா. நான்தான் எழுதினேன்" என்றேன். அவன் நம்பவில்லை. என் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் நம்பினான். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கக்கா" என்றான். நோட்டை மூடி என் மடியில் வைத்தான்.

அடுத்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை ஞாயிறும் இந்த இடத்துக்கு வந்து, இந்த பஸ்ஸைத் தாண்டித்தான் இலக்கணம் படிக்கப் போயிருக்கிறேன்.

இலக்கியா வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், வெளிச்சமாக இருந்த இடத்தில் என் எதிரில் உட்கார்ந்தாள். என்னிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவள் மறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது" என்றேன்.

"நீங்க வருவீங்கன்னுதான் ரொம்ப நாள் இருந்தேன் அண்ணி. அவுரு சொல்லாட்டியும் நாமளே சொல்லிடலாம்னு ஒருநாள் ஃபோன எடுத்தேன். அப்பதான் பொங்கல் வாழ்த்து அனுப்புனீங்க. அவ்ளோ சுத்தமா, யாரோ ஆபீஸ்லேருந்து அனுப்புன மாதிரி இருந்துச்சு. முன்னல்லாம் ஏன்டி சாப்டியான்னுதான கேப்பீங்க? சரி, அண்ணியும் நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு ஃபோன வச்சுட்டேன்."

ஒரு பிழைகூட இல்லை என்று ஜான்சி டீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டிய வாழ்த்து அது.

"இப்ப வந்துட்டேன்டி. இப்ப கூப்புடுறேன், கெளம்பு" என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்க வேண்டும்; அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இலக்கியா என் கையை விடாமலேயே தலையை ஆட்டினாள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம் அண்ணி. எனக்கு வேற எடமும் பேசி முடிச்சுட்டாங்க" என்றாள். பிறகு, "சாப்டுட்டுப் போங்க" என்று எழுந்து போய் எனக்கு இலை போட்டாள்.