மாவு ஒத்துக்கொள்ளாத மாஸ்டர்

இருபத்திரண்டு வருடம் பேக்கரியில் மாவோடு மாவாகப் புரண்ட மனிதரிடம், இனி அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருமலுக்குக் காரணம் மாவுத் தூசிதானாம். மூச்சுக்குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளவில்லையாம். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் அந்த மனிதர் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

மனைவி ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அழுது மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. ஒரு வாரம் அவரைச் சும்மா விட்டாள். எட்டாம் நாள், பயிற்சி மையம் ஒன்றின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பத்து மாதம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பார்களாம், வயது வரம்பு இல்லையாம்.

கம்ப்யூட்டர் துறையிலேயே வேலை பார்க்கும் அவள் தம்பி, மாமாவுக்கு இது வேண்டாத வேலை, இருபத்தைந்து வயதுக்காரர்களே இங்கே திணறுகிறார்கள் என்று போனில் அக்காவுக்கு அரை மணி நேரம் உபதேசம் செய்தான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன்கிட்ட பழைய லேப்டாப் ஏதாவது இருக்கா?" என்றாள். தம்பி வாயை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தான்.

முதல் இரண்டு மாதம் மாஸ்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அவருடைய தடித்த விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து வந்தது. வகுப்பில் எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் விடவில்லை. ஒரே கணக்கைப் பத்துத் தடவை போட்டார். நான்காவது மாதம் பாடம் மெல்லப் பிடிபட்டது. ஆறாவது மாதம், சொந்தமாக ஏதாவது செய்து காட்டச் சொன்னார்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. தினமும் காலையில் பஸ் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் மனைவியின் போன் ஓயாமல் அடிக்கும். என் பிள்ளை இன்றைக்கு வரவில்லை, காய்ச்சல், பல் டாக்டர் என்று ஆளுக்கொரு சேதி. அதற்காகவே பெற்றோர் போனிலேயே குறித்துவிடும்படி ஒரு செயலி எழுதினார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று நிறுத்தங்களின் வரிசைப்படி அவள் முன்னால் உள்ள திரையில் வரும். பள்ளியும் அனுமதி கொடுத்தது. இரண்டு வாரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம், மழை நாள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முந்தின நாள் வரவில்லை. மறுநாள் வருகிறாள் என்று மற்றப் பெற்றோர் மாற்றிக் குறிப்பதுபோல அவள் வீட்டில் குறிக்காததால், அந்தக் குறிப்பு அழியாமல் அப்படியே நின்றது. திரையில் பெயர் இல்லாததால் பஸ் அந்தத் தெருவுக்குள் திரும்பவே இல்லை. நிறுத்தத்தில் மகளை விட்டுவிட்டு அப்பா வேலைக்குப் போயிருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் தனியாக நின்ற பிள்ளையை எதிர்க் கடைக்காரர் பார்த்துப் பள்ளிக்குச் சொன்னார்.

மனைவிக்குப் பள்ளியில் கண்டிப்புக் கடிதம் கிடைத்தது. அவள் அதை மடித்துப் பையில் போட்டாள். மாலையில் இருவரும் சிறுமியின் வீட்டுக்குப் போனார்கள். அப்பா கோபமாகத்தான் இருந்தார், இருக்காதா பின்னே. மாஸ்டர் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சிறுமி, "உங்க கம்ப்யூட்டர் என்னை மறந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"அது மறக்கலம்மா. நான்தான் மறந்துட்டேன்" என்றார் மாஸ்டர்.

திரும்பும் வழியில், இதெல்லாம் தனக்கு வேண்டாம், நாளைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றார்.

"ரொட்டி கருகின அன்னிக்கு அடுப்பையா இடிச்சீங்க?" என்றாள் மனைவி. "எங்க தப்பாச்சுன்னு பாருங்க. நான் ஒரு வாரம் காகிதப் பட்டியலையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஓட்டறேன்."

மறுநாள் காலையில் மாஸ்டர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். தினமும் விடிந்ததும் எல்லாப் பெயரும் திரும்ப வந்துவிடும்படி மாற்றினார். அதோடு நிற்காமல், விடுமுறை முடிந்த திங்கள், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், குறித்துவிட்டு மனம் மாறும் பெற்றோர் என்று மனதில் தோன்றியதையெல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்தார். அப்படித் தேடியதில் இன்னும் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. அவற்றையும் அடைத்தார். ஒரு வாரம் காகிதமும் திரையும் ஒரு பெயர்கூடப் பிசகாமல் ஒத்துப்போன பிறகுதான் மனைவி காகிதத்தைக் கீழே வைத்தாள்.

படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. செய்ததைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மாஸ்டர் குடையோடு நின்ற சிறுமியிலிருந்து ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி அம்மாள், வேலை கேட்டு வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறீர்கள் என்றாள்.

"நான் எழுதினதுல இந்தத் தப்பைத்தாங்க நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்ற இரண்டு ஓட்டைகளையும் எப்படிக் கண்டுபிடித்தார் என்று விவரமாகக் கேட்டாள். பத்து நாளில் கடிதம் வந்தது. மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் குறை கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை.

முதல் நாள் மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு மனைவி காலி பஸ்ஸோடு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள். இங்கே நிறுத்தக் கூடாது என்ற காவலாளியிடம், ஒரு பிள்ளை பாக்கி இருக்கிறது என்றாள். மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் நின்னே வேலை பார்த்தவன், இன்னிக்குக் காலையிலேருந்து உட்கார்ந்தே இருந்தேன், நீ நம்ப மாட்ட" என்றார் மாஸ்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எழுந்திரிச்சு நின்னா, என்ன வேணும் சார்னு கேக்கறாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பஸ் கொஞ்ச நேரம் கிளம்பவே இல்லை.