இந்த வாட்டி சோம்பு போடலியா?

கேக்கை ஒரு கடி கடித்து, காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டொமினிக் சாதாரணமாகத்தான் கேட்டார்: "என்ன டோரா, இந்த வாட்டி சோம்பு போடலியா?"

டோரதி துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். பரங்கிக்காய் கேக்கில் அவள் சோம்பு போட்டதே கிடையாது. கல்யாணமான முதல் கோடையிலிருந்து பட்டைத் தூள், துளி ஜாதிக்காய், அவ்வளவுதான். சோம்பு மட்டன் குழம்புக்கு. விருந்துக்கு அப்புறம் வாயில் போட்டு மெல்லுவதற்கு. "இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அவரும் "சரி" என்று இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு, சிவப்பும் பச்சையுமாகக் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஜோலார்பேட்டை போகும் கூட்ஸ் வண்டியில் கார்டு அவர். போனால் மறுநாள் வருவார், சில சமயம் அதற்கும் மறுநாள் ஆகும்.

அந்தப் பரங்கி டோரதி கைப்பட வளர்த்தது. ஒக்கலிபுரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் பின்பக்கம் கொஞ்சம் மண் விட்டிருந்தார்கள். பிப்ரவரியில் விதை ஊன்றி, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி, வண்டு வந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவி, கொடியைக் கரிக் கொட்டகையின் கூரைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். மே மாதக் கடைசியில் மழை பிடிப்பதற்குள் காயை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காம்பு அழுகும். அறுத்ததில் பாதி அண்டை அயலுக்குப் போகும், மீதி கேக்காகும். பெயரிலேயே பரங்கி இருக்கிற காயைப் பரங்கிக்காரன் பண்டத்தில் போட்டால் என்ன குற்றம் என்பது அவள் கட்சி. பெரிய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அதற்குள் டின்னை இறக்கி, மூடிமேலும் தணலை அள்ளிப் போட்டு வேகவைப்பாள். ஒரே மகள் நர்ஸ் படிப்புக்கு மைசூர் போனபிறகு வீட்டில் தின்ன ஆள் இல்லைதான். ஆனாலும் டின்னின் அளவை அவள் குறைக்கவில்லை. அவள் கேக்குக்கு அந்த லைனில் பெயர் இருந்தது.

அப்படியிருக்க, சோம்பு எங்கிருந்து வந்தது?

ஜோலார்பேட்டையில் கார்டுகள் இரவு தங்கும் ரன்னிங் ரூம் சமையல்காரனாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். ரசத்துக்கு உப்புப் போடவே யோசிக்கிறவன் என்று டொமினிக்கே எத்தனை தடவை திட்டியிருக்கிறார், அவனாவது கேக் சுடுவதாவது. கூட வேலை பார்க்கும் டென்சிலின் மனைவி யூனிஸ் நன்றாக கேக் செய்வாள். ஆனால் அந்தம்மாவுக்குப் பரங்கிக்காய் என்றாலே மாட்டுத் தீனி. மாமியாரோ உயிரோடு இருந்தவரை இட்லிக் கொப்பரையைத் தாண்டாதவர். மிஞ்சினது நடுவில் வருகிற ஸ்டேஷன்கள்தான். பங்காருபேட்டையில் மெயிலுக்கு வழிவிட கூட்ஸை ஓரமாகத் தள்ளி மணிக்கணக்கில் போட்டுவிடுவார்கள் என்று அவர் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்த மணிக்கணக்கில் மனுஷன் என்ன செய்வார் என்று அவள் கேட்டதே இல்லை. இன்றுவரை அது கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றியதும் இல்லை.

அதைவிட அவளை உறுத்தியது 'இந்த வாட்டி' என்ற வார்த்தை. எங்கேயோ ஒரு நாள் ஒரு துண்டு வாயில் போட்டவர் அப்படிக் கேட்பாரா? பலமுறை தின்று பழகி, எந்த வீட்டில் எது என்பதே அவருக்குக் கலந்துபோய்விட்டதோ? இல்லை, அரைத் தூக்கத்தில் ஏதோ உளறினாரா? இரண்டும் சரியென்று பட்டது, இரண்டும் தப்பென்றும் பட்டது.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோல ஜாடையாகப் போட்டுப் பார்த்தாள். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே தன் கன்னடத் தமிழில் சொன்னாள்: "அய்யோ டோரதிம்மா, அதுக்குப் போயி யாக்கே தலை கெடுத்துக்கிற? ஆம்பளைங்களுக்கு நாக்கு எங்கம்மா இருக்கு? எங்க வீட்டு ஆளு நுக்கேகாய், அதான் முருங்கைக்காய் சாம்பாரைத் தின்னுட்டு, கத்திரிக்காய் பிரமாதம்னு எழுந்து போவாரு."

கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் அதுவும் போய்விட்டது. டொமினிக்குக்கு நாக்கு உண்டு. குழம்பில் ஒரு மிளகாய் கூடினாலும் சொல்லிவிடுவார்.

நேராகக் கேட்டுவிட்டால் என்ன? அங்கேதான் வம்பு. டொமினிக்குக்குப் பொய் வராது. வண்டி தாமதமானதற்குத் தான் காரணமென்றால் தானே எழுதிக்கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குகிறவர். அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னபிறகு அவரோடு இந்த வீட்டில் எப்படி இருப்பது, மைசூரில் இருக்கிற பெண்ணுக்கு என்ன எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பக்கத்தில் எப்படி முழங்காலிடுவது என்று ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்ச் சோம்பு வாங்கினாள். நயா பைசா வந்த புதிது. கடைக்காரரும் அவளும் அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தடுமாறினார்கள். ஏன் இதைச் செய்கிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இன்னொரு காயைத் துருவிப் பிழிந்தாள். சோம்பை லேசாக வறுத்து, பாதியை நசுக்கி, பாதியை முழுசாகவே மாவில் போட்டாள். சட்டியிலிருந்து வேறு யாரோ வீட்டு வாசனை வந்தது.

டொமினிக் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிவிட்டு உட்கார்ந்தார். தட்டை வைத்துவிட்டு டோரதி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒரு துண்டைத் தின்றார், இன்னொன்றையும் எடுத்தார்.

"ம்… நல்லாருக்கு."

"எப்பவும் போலயா?" அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

"எப்பவும் போல" என்றார் அவர், மெல்லுவதை நிறுத்தாமல். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

டோரதி ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாக இருந்தது. பாழாய்ப்போன கேக் அவளுடையதைவிட நன்றாக இருந்தது. பரங்கியின் பச்சை வாடையைச் சோம்பு அடியோடு எடுத்துவிட்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்று ஒரு கணம் நிஜமாகவே வருத்தப்பட்டாள். அழவேண்டிய நேரத்தில் இதற்கா வருத்தப்படுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் மீசையில் ஒரு முழுச் சோம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளென்றால் "மீசையில பாருங்க" என்பாள், அவரே தட்டிவிட்டுக்கொள்வார்; அவள் ஒருநாளும் துடைத்துவிட்டதில்லை. அன்றைக்கு மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

அவள் கை கிளம்பியதுமே டொமினிக் மெல்லுவதை நிறுத்தினார். பழகினவர்போல மோவாயைத் தூக்கி, கண்களை மூடிக்கொண்டு, முகத்தை முன்னால் கொடுத்தார்.

டோரதியின் விரல் பாதி வழியில் நின்றது. அவர் கண்ணைத் திறக்காமல், இலேசான சிரிப்போடு காத்திருந்தார்.