மேசை போய்வந்த இடம்

ரங்கா லேஅவுட்டில் பாதியில் நிற்கும் பொருள்கள் காலையில் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வரும். ஒரு வீட்டிலிருந்து ஒரு சமயத்தில் ஒன்றுதான் போகும்; அது முடிந்துவிட்டால் அடுத்தது கிளம்பும். இருப்பதிலேயே சின்னதுக்கு முதல் உரிமை. போகிற இடத்தில் யாராவது நாலு இழுப்பு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்புவார்கள். கடைசிக் கை யாருடையதோ அவருக்கே பொருள் சொந்தம். முடிந்த பொருள் அதன்பிறகு நடக்காது. இதில் அங்கே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, திருமூர்த்தியைத் தவிர.

அவன் நான்கு வருடமாக ஒரு சாப்பாட்டு மேசை செய்துகொண்டிருந்தான். கல்யாணமான புதிதில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மனைவி வளர்மதிக்குக் கொடுத்த வாக்கு அது. வாகை மரம். நான்கு காலும் பலகையும் சேர்ந்து நின்றன, அவ்வளவுதான். அவன் பம்ப்செட் சர்வீஸ் கம்பெனியில் போன் எடுப்பவன். கோடையில் ஊரிலுள்ள மோட்டார்களெல்லாம் அவனிடம்தான் வந்து அழும். வளர்மதிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ராத்திரி அவள் ஏழு மணிக்குச் சாப்பிடுவாள், அவன் ஒன்பதுக்கு. மாடியின் கைப்பிடிச் சுவரும் வீடு கட்டியதிலிருந்து பூசாமலே கிடந்தது. அதை நினைக்கக்கூட நேரமில்லை.

மேசை வெளியே போய்வருவதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மாசி மாதத்திலிருந்து அது ஒரே கையிடம் போய்வந்தது. தடவிப் பார்த்தாலே தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு என்று பத்துப் பேர் கை தெரியும். இப்போது ஒரே சீராக, அவசரமில்லாத ஒருவர் தேய்த்திருந்தார். மேசையை மோந்து பார்த்தான். ஸ்பிரிட் வாசம் அடித்தது. பாலிஷ் போடுகிற தொழில்காரன் எவனோ வளைத்துப் போடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினான்.

"மேசை எங்க போயிட்டு வருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"நான் காலைல ஆறரைக்கே போயிடறனுங்க. எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் வளர்மதி. சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவனுக்கு முள்ளாகத் தைத்தது.

மறுநாள் மேசையின் காலை நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் மேசையும் கயிறும் அப்படியே இருந்தன. ஆனால் முடிச்சு அவனுடையதில்லை. ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. அடுத்த நாள் வாசலில் மரத்தூளைத் தூவி வைத்தான். மேசையின் நான்கு தடங்களும், பக்கத்தில் ஏழாம் நம்பர் செருப்பின் தடமும் விழுந்திருந்தன. அதன்பின் கம்பெனிக்கு வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்க்க ஆரம்பித்தான். வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சந்தேகப்பட்டவன் ஒரு விஷயத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை. மாசி மாதத்திலிருந்தே மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு நாற்காலி அவன் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்தது. முதுகுப் பலகை சற்றே கோணலான, தேக்கு நாற்காலி. வந்து அவன் பக்கத்தில் நிற்கும். வந்ததைச் சும்மா அனுப்புவது மரியாதையில்லை என்று தேய்த்து அனுப்புவான். பிறகு அதற்காகவே நைஸ் உப்புத்தாள் வாங்கிக் கம்பெனி மேசையின் இழுப்பறையில் ஒளித்து வைத்தான். அது வேறு, இது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் மத்தியானம், தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு சூலூர்க்காரருக்குப் பதில் சொல்லியபடியே நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தான். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அடிக்க இடமே மிச்சமில்லை. கடைசிக் கோட் விழுந்துவிட்டது. சாயங்காலம் ஆனது. நாற்காலி நகரவில்லை.

அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, வளர்மதியிடம் சொல்ல மூன்று பொய்களைத் தயார் செய்தபடி வீட்டுக்கு வந்தான். கேட் இருந்தது. கேட்டுக்குப் பின்னால் வீடு இல்லை. மண்ணில் அஸ்திவாரத்தின் கோடும், துளசிச் செடியும் மட்டும் இருந்தன.

அப்போது ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. பின்னால் அவனுடைய மேசை பளபளவென்று மின்னியது. முன்னாலிருந்து வளர்மதி இறங்கினாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவன் அவள் செருப்பைப் பார்த்தான்.

"நாற்காலி நான் செஞ்சதுங்க. லேப்ல வெச்சுத்தான் செஞ்சேன். எவளோ ஒருத்தி தினமும் தேச்சுத் தேச்சு அனுப்பறாளேன்னு ரெண்டு மாசமா வயிறெரிஞ்சுட்டு இருந்தேன்" என்றாள்.

"மேசை?"

"அதுவா வந்து நின்னுச்சுங்க. உங்க மேசைன்னு தெரியாதுங்களா? நீங்க கட்டி வெச்ச அன்னிக்கு நானே வந்து அவுத்துக் கூட்டிட்டுப் போனேன். இன்னிக்குக் காலைலயே மறந்தாப்புல கடைசிக் கோட் அடிச்சுட்டேன்."

மேசை அவளுடையதாகவும் நாற்காலி அவனுடையதாகவும் ஆகியிருந்தன. திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

டிரைவரும் அவனும் மேசையை இறக்கி, கூடம் இருந்த இடத்தில் போட்டார்கள். நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவன் ஸ்கூட்டரை மேசையோரம் நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தான். மத்தியானம் இருவருமே சாப்பிட்டிருக்கவில்லை. டப்பாக்களைத் திறந்தார்கள். இரண்டிலும் ஒரே தக்காளி சாதம்தான். நான்கு வருடத்தில் முதல்முறையாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆறே முக்காலுக்கு வீடு தெருமுனையில் திரும்பியது. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து, முடியட்டும் என்று கேட்டுக்கு வெளியே நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரில் முக்கால்வாசி பூசியிருந்தது. நல்ல பூச்சு. கொடியில் அவர்களுடையதல்லாத ஒரு கட்டம் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"மிச்சத்த நாமளே பூசிரோணுங்க. நாளைக்கு லீவு கெடைக்குமாங்க?" என்று வளர்மதி கேட்டாள்.

"ஆனி வரைக்கும் கெடைக்காது. உனக்கு?"

"எனக்கும் கெடைக்காதுங்க."

திருமூர்த்தி கை கழுவிவிட்டு, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தான். வீட்டை எதில் கட்டுவது என்று சுற்றிப் பார்த்தான். நகராததில் கனமானதாக அங்கே மேசை ஒன்றுதான் இருந்தது.