ஷெட் யாருக்கு?

கார் கிளம்பினால் ஷெட் காருக்கு, கிளம்பாவிட்டால் தையல்காரிக்கு. பேச்சு அவ்வளவுதான். சாட்சி அவள் தம்பி, மெக்கானிக். கெடு இன்று சாயங்காலம்.

அவளுக்கு அந்த ஷெட் எவ்வளவு தேவை என்பது வீட்டுக்குள் ஒரு தரம் நுழைந்தவர்களுக்குத் தெரியும். முன்னறை முழுக்கத் தையல் மெஷின், கட்டில் முழுக்க வெட்டின துணி, சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல். இந்த அழகில், ஓடாத காருக்குத் தனி அறை! போர்வை வேறு! "எனக்கு ஜுரம் வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படிப் போத்தி விட்டதில்லடா" என்று தம்பியிடம் சொல்லாத நாளில்லை.

இந்த மனுஷன் என்பது அவள் கணவர், கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அவசரம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். கல்யாணமான புதிதில் வாங்கிய கார், ஏதோ பாகம் கிடைக்காமல் பத்து வருஷத்துக்கு மேலாகக் கிடந்தது. போன வாரம்தான் அது கிடைத்தது.

நேற்றே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருந்தார். காலையில் ஸ்பேனரை மாட்டி, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினார்.

"செல்ஃப் அடிச்சுப் பாத்துடலாமே மாமா" என்றான் தம்பி.

"பொறு மச்சான். தூங்குறவனைத் தலையில தண்ணி ஊத்தியா எழுப்புவாங்க? பிஸ்டன் ஒட்டியிருந்தா உள்ள கீறிடும்."

ஒட்டவில்லை. வார்னிஷ் நாற்றமடித்த பழைய பெட்ரோலை இறக்கினார்கள். புது பெட்ரோல், புது ஆயில், புது பேட்டரி. பிளக் இல்லாமலே செல்ஃபைச் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டினார். தையல்காரி படியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி, மனசுக்குள் ஷெட்டில் மெஷின்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய மெஷின் ஜன்னலோரம்.

சாவியைத் திருகினார். குர்ரென்று பிடித்தது, ரெண்டு உறுமல் உறுமியது, பொசுக்கென்று அணைந்தது. மறுபடியும் அதே கதை. வெயில் சாயும்வரை அதே கதைதான்.

"பிடிக்குது, உடனே மூச்சு முட்டிச் செத்துப்போகுது" என்று தம்பி தலையைச் சொறிந்தான்.

அவள் விரலில் ஊசி ஏறியது. ஐயோ, துணி! காரை மூடிய அன்று, எலி புகுந்துவிடுமே என்று சைலன்சருக்குள் வெட்டுத் துணியை அடைத்தவள் அவளேதான். தலையணைக்குப் பஞ்சு அடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? குச்சியால் குத்திக் குத்தி, வெளியே நுனிகூடத் தெரியாமல் இறுக்கியிருந்தாள்.

இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஷெட் அவளுக்கு.

"சரி மச்சான், வாக்குன்னா வாக்குதான்" என்றார் கணவர். "நாளைக்கு இதை இழுத்துட்டுப் போக ஆள் சொல்லிடு. உங்க அக்கா மெஷினைக் கொண்டுவந்து போடட்டும்." சொல்லிவிட்டு, காரின் மேல் படிந்த கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்தார். கத்தித் தொலைத்திருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். அந்தத் துடைப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தம்பி, ஒரு கொக்கி கொடுடா!"

காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து இழுத்தாள். நீலம் வந்தது, பூப்போட்டது வந்தது, கடைசியில் முழுசாக ஒரு சட்டைக் கை வந்தது.

"அடிப்பாவி! இந்தச் சட்டையை எங்கெல்லாம் தேடினேன்!"

"எலிக்குப் பயந்து அடைச்சேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"சொல்லாம இருந்திருந்தா ஷெட் உனக்குடி."

"தெரியும். அந்த வயித்தெரிச்சல்லதான் இருக்கேன். சாவியைத் திருகுங்க!"

திருகினார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கக்கிவிட்டு, எஞ்சின் அணையாமல் நிதானமாக ஓடியது. தம்பி குதித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் ஷெட் போச்சே.

கணவர் காரை மெதுவாக வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினார். வீட்டுக்குள் போய், பெரிய மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "மச்சான், அந்தப் பக்கம் தூக்கு."

"எங்க கொண்டுபோறீங்க?" என்றாள்.

"ஷெட்டுக்குத்தான். தூங்குறவனுக்குத்தானே படுக்க இடம் வேணும்? இவன் எழுந்துட்டான், வாசல்ல நிக்கட்டும்."



"ஜன்னலோரமா வைங்க" என்றாள். "பாத்து, அதுல ஊசி இருக்கு."