தென்னேரிப் பக்கம் சாய்ந்த வாசக்கால்

சித்திரையில் காதுவலி விட்ட மறுநாள் முதல் ஐயம்பேட்டைக் கொத்தனார் ஆதிகேசவன் பக்கத்து ஊரான தென்னேரிப் பக்கமாகச் சாய்ந்தே நின்றான், விழவில்லை. அவன் கையில் இருக்கும்வரை டம்ளரில் டீயும் அதே பக்கம் சாய்ந்து நின்றது. ஷேர் ஆட்டோக்காரர் அவனுக்குப் பக்கத்து இடத்தைக் காலியாக விடப் பழகிக்கொண்டார். எது கீழ் என்று உடம்புக்குச் சொல்வது காதுக்குள் இருக்கும் தண்ணீரும் பொடிக்கல்லும்தான் என்றார் காது டாக்டர். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, சாய்மானம் தீரவில்லை. பெண்டாட்டி அம்சாவுக்குத்தான் உயிர் போனது. "யோவ், நிமிந்து நில்லுய்யா" என்று கத்தினால், "நான் நேராத்தான் நின்னுக்கினு இருக்கிறேன், நீதான் கோணலா நிக்கிற" என்பான். அவன் முகத்தைப் பார்த்துப் பேசவே கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தரை மட்டமாக இருந்தால்தான் தறி உட்காரும் என்பதால் ஊர் நெசவுக்காரர்கள் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

கூப்பிடாததுதான் வினையாயிற்று. கல்யாணமான நாளாக அம்சா ஏங்கிய சொந்த வீடு அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. சும்மா இருந்தவன் அதில் கை வைத்தான். வாசக்கால் வைக்கிற அன்று, தன் வீட்டு வாசக்காலை வேறு கொத்தனார் நிறுத்தினால் தொழிலுக்கே அவமானம் என்று நேர் பார்க்கும் தூக்குக்குண்டை அவனே பிடித்தான். குண்டும் தென்னேரிப் பக்கமாகத்தான் தொங்கியது. கூட வேலை செய்யும் தாவீது, "அண்ணா, கோணிக்கினு இருக்குதுண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டியாகிவிட்டது. பிடுங்கச் சொன்னாள் அம்சா. "நல்ல நேரத்துல வெச்ச வாசக்கால அசைக்கக் கூடாதும்மா, குடும்பத்துக்கு ஆவாது" என்று ஆதிகேசவனின் அண்ணன் பரசுராமன் குறுக்கே நின்றார். வாசக்காலுக்கு ஏற்றபடி சுவர், சுவருக்கு ஏற்றபடி தரை, தளம் என்று வீடே சாய்ந்து எழுந்தது. "இந்தக் கூத்துல நான் குடி வர மாட்டேன்" என்று அம்சா அழுதாள். ஊர் வந்து பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

கிரகப்பிரவேசத்தன்று வேண்டாவெறுப்பாக அடுப்பு முன் உட்கார்ந்தாள். பால் எந்தப் பக்கம் வழியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பொங்கிய பால் நாலு பக்கமும் ஒரே சீராக வழிந்தது. தலை நிமிர்ந்தாள். எதிரே ஆதிகேசவன் நேராக நின்றிருந்தான். கழுத்தை ஒடிக்காமல் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. பாலை எறக்குய்யா."

மறுநாள் விடிந்ததும் வாசல் தெளிக்க வெளியே வந்தாள். எதிர்வீடு, கரண்டுக் கம்பம், தூரத்துக் கோபுரம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. "ஒருத்தனுக்காவது நேரா கட்டத் தெரியுதா" என்று தலையில் அடித்துக்கொண்டு, வாளித் தண்ணீரை வீசித் தெளித்தாள்.